நீரின் மேல் சேகரித்த ஹைட்ரஜன்: திருத்தம் செய்த பிறகு விடை ஏன் தவறுகிறது?

கேள்வி: கடற்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.4 லிட்டர் என்பதை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாமல், ஒருமுறையாவது தாங்களே அளந்து பார்க்கட்டும் என்று கருதி, சென்ற வாரம் மெக்னீசியம் நாடாவையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொண்டு ஒரு சோதனை செய்தோம். சோதனை நன்றாகவே முடிந்தது. கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை.

செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தராசு இரண்டு தசம இலக்கம்வரை மட்டுமே காட்டும் என்பதால், உப்புத்தாளால் நன்கு தேய்த்த நாடாவை நீளமாக எடுத்து எடைபோட்டு, ஒரு மீட்டருக்கு 0.912 கிராம் எனக் கணக்கிட்டு, அதிலிருந்து சரியாக 4 செ.மீ. வெட்டிக்கொண்டோம். எனவே நாடாவின் நிறை 0.0365 கிராம், அதாவது 0.00150 மோல். 50 மி.லி. பியூரெட்டில் (கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய், அடிமுனையில் திறந்து மூடும் ஸ்டாப்காக் உண்டு) முதலில் 10 மி.லி. இரண்டு மோலார் அமிலத்தை ஊற்றி, அதன்மேல் நீரை ஓரமாக மெல்ல வழியவிட்டு விளிம்புவரை நிரப்பினோம். செம்புக் கம்பியில் சுற்றிய நாடாவை வாயருகே செருகி, விரலால் அடைத்தபடி, நீர் நிறைந்த முகவைக்குள் தலைகீழாகக் கவிழ்த்தோம். அமிலம் கனமானதாகையால் கீழிறங்கி நாடாவைத் தொட்டதும் குமிழிகள் எழத் தொடங்கின. எல்லாம் அடங்கி, குழாய் குளிர்ந்த பிறகு நீர்மட்டம் 12.2 என்ற கோட்டில் நின்றது. 50லிருந்து அதைக் கழித்து, வாயுவின் கனஅளவு 37.8 மி.லி. எனக் குறித்தோம். குழாய்க்குள் இருந்த நீர்மட்டம் முகவையின் மட்டத்தைவிட ஏறத்தாழ 16 செ.மீ. உயரத்தில் இருந்தது. நீரின் வெப்பநிலை 31 பாகை செல்சியஸ். அன்றைய வளிமண்டல அழுத்தம் 755 மி.மீ. பாதரசம்.

நல்ல நிலையில் ஒரே ஒரு பியூரெட்தான் இருந்ததால் வகுப்பு முழுவதற்கும் அளவீடு ஒன்றே. கணக்கை மட்டும் இரு குழுக்கள் தனித்தனியே செய்தன. முதல் குழு எந்தத் திருத்தமும் செய்யாமல், 755 மி.மீ. அழுத்தத்தையும் 304 கெல்வினையும் நேராகச் சமன்பாட்டில் இட்டு, திட்ட வெப்ப அழுத்த நிலையில் (0 பாகை செல்சியஸ், 760 மி.மீ.) ஒரு மோலுக்கு 22.5 லிட்டர் என்று கண்டது. இரண்டாம் குழு, நான் கற்பித்தபடியே, 31 பாகையில் நீரின் ஆவி அழுத்தமான 33.7 மி.மீ.யைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டு 21.5 லிட்டர் என்று கண்டது.

சொன்னதைக் கேட்காத குழுவுக்குச் சரியான விடை. சொன்னபடி செய்த குழுவுக்கு 4 விழுக்காடு பிழை. "ஆவி அழுத்தத்தைக் கழிக்கவே கூடாது போலிருக்கிறதே, மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன விடை சொல்வது?

மறுமொழி 1: கந்தகப் புகை

இரண்டாம் குழுவின் முறைதான் சரி, அம்மா. நீரின் மேல் சேகரித்த வாயுவுக்கு ஆவி அழுத்தத் திருத்தம் கட்டாயம். விடை குறைந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். மெக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் எஞ்சியிருந்தாலோ, கவிழ்க்கும்போது ஓரிரு குமிழிகள் வெளியேறியிருந்தாலோ ஹைட்ரஜன் குறையும். பள்ளி ஆய்வகத்தில் 4 விழுக்காடு பிழை பெரிதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 2: பழைய பியூரெட்

மேலே எழுதியவர் முறையைப் பற்றிச் சொன்னது சரி. காரணத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. தேய்த்த நாடாவில் 4 விழுக்காடு அளவுக்கு ஆக்சைடு எஞ்சாது. ஏறத்தாழ ஒன்றரை மி.லி. வாயு வெளியேறியிருந்தால், அது முகவையில் பெருங்குமிழிகளாகக் கண்ணில் பட்டிருக்கும். ஆசிரியை தம் கேள்வியிலேயே விடையின் இரு துண்டுகளையும் எழுதிவிட்டார். ஒன்று, "50லிருந்து அதைக் கழித்து" என்பது. மற்றொன்று, "ஏறத்தாழ 16 செ.மீ. உயரத்தில்" என்பது.

முதலில் அழுத்தத்தைப் பார்ப்போம். குழாய்க்குள் இருப்பது ஹைட்ரஜன் மட்டுமன்று. நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் எந்த வாயுவிலும் நீராவி நிறைந்திருக்கும். இங்கே மாணவர்கள் வழக்கமாக ஒரு தவறான படத்தை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள்: 37.8 மி.லி.யில் ஒரு பகுதியில் ஹைட்ரஜனும், அடியில் நீரை ஒட்டிய மெல்லிய பகுதியில் நீராவியும் இருப்பதாக. அப்படியன்று. இரண்டும் முழு இடத்திலும் கலந்து பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றும் மற்றது இல்லாததுபோல் குழாயின் சுவரையும் நீர்மட்டத்தையும் தன் பங்குக்கு அழுத்துகிறது. ஆகவே கனஅளவில் எதையும் கழிக்கக் கூடாது. அழுத்தத்தில்தான் கழிக்க வேண்டும். 755இல் 33.7 என்பது நாலரை விழுக்காடு. நம் ஊர் வெப்பத்துக்கு இது புறக்கணிக்கத்தக்க அளவன்று. குளிர்நாட்டு ஆய்வகத்தில் 15 பாகையில் இதே சோதனையைச் செய்தால் கழிக்க வேண்டியது 12.8 மி.மீ. மட்டுமே.

அடுத்து, 16 செ.மீ. உயர நீர். முகவையின் நீர்ப்பரப்பை வெளிக்காற்று 755 மி.மீ. அழுத்தத்தோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய்க்குள் இருக்கும் வாயுவை மட்டும் தாங்கவில்லை, 160 மி.மீ. உயர நீரையும் சேர்த்துத் தூக்கி நிறுத்துகிறது. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. 160ஐ 13.6ஆல் வகுத்தால் 11.8 மி.மீ. பாதரசம். எனவே உலர்ந்த ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் 755 கழித்தல் 33.7 கழித்தல் 11.8, அதாவது 709.5 மி.மீ.

இந்த இரண்டாவது திருத்தத்தையும் செய்தால் இரண்டாம் குழுவின் விடை மேலும் இறங்கி 21.1 லிட்டர் ஆகிவிடும். பதற வேண்டாம், பிழை இப்போதுதான் தன் முழு உருவத்தைக் காட்டுகிறது.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். பியூரெட் நேராக நிற்கும்போது 50 என்ற கோடு அடியில் இருக்கிறது. ஆனால் கோட்டோடு குழாய் முடிந்துவிடுவதில்லை. அதற்கும் ஸ்டாப்காக்குக்கும் இடையே கோடு போடாத வெற்றுப் பகுதி ஒன்று உண்டு. தரம்பார்த்தலில் நாம் இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் அந்தப் பகுதி யாருடைய கண்ணிலும் படுவதில்லை. கவிழ்த்துப் பிடித்தாலோ வாயு முதலில் போய் நிரம்பும் இடமே அதுதான். உங்கள் 37.8 மி.லி.யில் அது சேரவே இல்லை.

எவ்வளவு சேர வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். 0.00150 மோல் ஹைட்ரஜன் 709.5 மி.மீ. அழுத்தத்திலும் 304 கெல்வினிலும் 40.1 மி.லி. இடத்தை அடைக்க வேண்டும். அப்படியானால் வெற்றுப் பகுதி ஏறத்தாழ 2.3 மி.லி. இருக்க வேண்டும். இதை விடைக்கேற்ப நான் வளைத்துச் சொல்கிறேன் என்று உங்கள் மாணவி கருதக்கூடும், கருதவும் வேண்டும். ஆகவே அளந்து பாருங்கள். பியூரெட்டை நன்கு உலர்த்தி, ஸ்டாப்காக்கை மூடி, நேராக நிறுத்தி, அளவுப் பிப்பெட்டால் நீரைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டு, மட்டம் 50ஐத் தொடும்போது எவ்வளவு நீர் சென்றது என்று குறியுங்கள். 2 மி.லி.க்கும் 2.6 மி.லி.க்கும் இடையில் வந்தால் நான் சொல்வது சரி, 1 மி.லி. என்றோ 4 மி.லி. என்றோ வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதுதான்.

முதல் குழுவுக்குக் கிடைத்த 22.5, ஒன்றையொன்று விழுங்கிய பிழைகளால் வந்தது. அழுத்தத்தை ஆறு விழுக்காடு கூட்டி எடுத்துக்கொண்டார்கள். கனஅளவை ஏறத்தாழ அதே ஆறு விழுக்காடு குறைத்து எடுத்துக்கொண்டார்கள். சமன்பாட்டில் இரண்டும் பெருக்கலில் நிற்பதால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிட்டது. இரண்டாம் குழு இருந்த பிழைகளில் ஒன்றைச் சரிசெய்து, மற்றதைத் துணையில்லாமல் வெளியே நிறுத்திவிட்டது.

மறுமொழி 3: கடற்கரை ஆசிரியை

மிக்க நன்றி, ஐயா. இன்று மாலை அந்த மாணவியையே அளக்கச் சொன்னேன். உலர்ந்த பியூரெட்டில் மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் 2.4 மி.லி. வந்தது.

அதைச் சேர்த்தால் கனஅளவு 40.2 மி.லி. அழுத்தம் 709.5 மி.மீ. விடை மீண்டும் 22.5 லிட்டர்! முதல் குழு "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று ஆரவாரம் செய்தது. எனக்கோ சிரிப்பும் வந்தது, சற்று எரிச்சலும் வந்தது.

இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. அழுத்தத்தை நான் கைபேசியின் வானிலைச் செயலியிலிருந்து எடுத்தேன். அது 1006 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டியதை 755 மி.மீ. என மாற்றிக்கொண்டேன். இது ஏற்கத்தக்கதா? மேலும், வேறொரு பாடநூலில் மோலார் கனஅளவு 22.7 லிட்டர் என்றிருக்கிறது. நாங்கள் எதனோடு ஒப்பிட வேண்டும்?

மறுமொழி 4: பழைய பியூரெட்

கடலோர ஊர் என்பதால் அந்த அழுத்தம் ஏற்கத்தக்கதே. செயலிகள் பொதுவாகக் காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். உதகையில் இருக்கும் ஒரு பள்ளி அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு பாழாகிவிடும். அங்கே உண்மையான அழுத்தம் 580 மி.மீ. அளவில்தான் இருக்கும்.

22.4 என்பது 0 பாகை செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் (760 மி.மீ.) உள்ள மதிப்பு. 1982இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. அது 750 மி.மீ.யைச் சற்றே தாண்டும். அழுத்தம் குறைந்தால் கனஅளவு கூடும், ஆகவே 22.7. நீங்கள் 760ஐக் கொண்டு கணக்கிட்டதால் 22.4ஓடு ஒப்பிடுவதே முறை. ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதன் அழுத்தத்தில் கணக்கிடுவதுதான் தவறு.

நாடாவை வெட்டும்போது அரை மி.மீ. கூடினாலோ குறைந்தாலோ அதுவே 1.25 விழுக்காடு, அதாவது 22.5இல் 0.3 லிட்டர் முன்பின். ஆகவே 22.5க்கும் 22.4க்கும் உள்ள வேறுபாட்டுக்காக யாரும் வருந்த வேண்டாம். உங்கள் சோதனையால் அந்த வேறுபாட்டைக் காணவே இயலாது.

குழாய் குளிரும்வரை காத்திருந்ததையும் பாராட்ட வேண்டும். இந்த வினையில் ஒரு மோல் மெக்னீசியத்துக்கு 467 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. உங்கள் சிறு துண்டுக்கு 0.7 கிலோஜூல். அது முழுவதும் குழாயின் 50 மி.லி. நீரில் தங்கியிருந்தால் வெப்பநிலை மூன்று பாகைக்கு மேல் ஏறியிருக்கும். வாயு விரிவதோடு ஆவி அழுத்தமும் கூடி, இரண்டு விழுக்காடு பிழை அங்கேயே புகுந்திருக்கும்.

மறுமொழி 5: இரண்டுக்கு ஒன்று

தாமதமாக வருகிறேன்; ஆனால் இந்த விவாதத்தோடு நெருங்கிய ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஈரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறோமே, 1808இல் கே-லூசாக் வாயுக்கள் இணையும் கனஅளவுகள் எளிய முழு எண் விகிதத்தில் இருக்கின்றன என்று அறிவித்தாரே, வாயுக்களின் ஈரம் அந்த விகிதத்தைக் குலைக்காதா என்று என் மாணவர் ஒருவர் முன்பு கேட்டார். நல்ல கேள்வி அது.

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரே வெப்பநிலையில், ஒரே மொத்த அழுத்தத்தில் நீரின் மேல் அளந்தால், இரண்டின் அழுத்தத்திலும் நீராவியின் பங்கு ஒன்றே. 31 பாகையில் 755 மி.மீ. ஈர வாயு எதுவானாலும் அதில் 721.3 பங்குதான் உலர்ந்த வாயு. ஆக்சிஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் இரண்டு பங்கு என்னும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால், வகுக்கும்போது ஈரம் மறைந்துவிடுகிறது. கனஅளவைக் கனஅளவோடு ஒப்பிடுகிறவருக்கு இந்தச் சலுகை உண்டு. ஆசிரியை செய்ததைப்போல் ஒரு பக்கம் திண்மத்தின் நிறையையும் மறுபக்கம் வாயுவின் கனஅளவையும் வைத்து ஒப்பிடுகிறவருக்கு அது கிடையாது. பியூரெட்டின் வெற்றுப் பகுதியோ இரண்டு நிலையிலும் மறையாது; 20 மி.லி.யிலும் 40 மி.லி.யிலும் அது சேர்க்க வேண்டியது அதே 2.4 மி.லி.தான்.

நீரை மின்னாற்பகுத்துக் காட்டும்போது சிலர் 2.1க்கு 1 என்று பெற்றுத் திகைப்பதுண்டு. அதற்குக் காரணம் கரைதல். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஹைட்ரஜனை ஏறத்தாழ 18 மி.லி. கரைத்துக்கொள்ளும், ஆக்சிஜனை 31 மி.லி. கரைத்துக்கொள்ளும். புதிதாக நிரப்பிய கருவியில் தொடக்கத்தில் ஆக்சிஜன்தான் அதிகம் தொலையும். சற்று நேரம் மின்னோட்டத்தை ஓடவிட்டு, பிறகு வாயுக்களை வெளியேற்றிவிட்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து அளந்தால் விகிதம் 2ஐ நெருங்கும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பகுதி அழுத்த விதியை 1801இல் வகுத்த டால்டன் இளமையிலிருந்தே வானிலைக் குறிப்பு எழுதிவந்தவர். காற்றில் ஈரம் எவ்வாறு தங்குகிறது என்ற ஆராய்ச்சிதான் அவரை அந்த விதிக்குக் கொண்டுசென்றது. ஈர வாயுவைத் திருத்த நாம் அவரையே நாடுகிறோம். அதே டால்டன், கே-லூசாக்கின் முழு எண் விகிதங்களைக் கடைசிவரை நம்பவில்லை. ஒரு கனஅளவு ஆக்சிஜனிலிருந்து இரண்டு கனஅளவு நீராவி வர வேண்டுமானால் ஆக்சிஜனின் அடிப்படைத் துகள் இரண்டாகப் பிளவுபட வேண்டும். அணு பிளவுபடாது என்று கொண்டவருக்கு அது ஏற்புடையதாக இல்லை. பிளவுபடுவது அணுவன்று, இரண்டு அணுக்கள் கொண்ட மூலக்கூறு என்று 1811இல் அவகாட்ரோ வழி காட்டினார். அதை வேதியியலார் ஏற்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

மறுமொழி 6: பதினொன்றாம் வகுப்பு

வணக்கம், ஐயா. எங்கள் பள்ளியில் மெக்னீசியம் நாடா இல்லை. சாக்பீஸையும் அமிலத்தையும் கொண்டு கார்பன் டைஆக்சைடைத் தயாரித்து இதே முறையில் அளக்கலாமா?

மறுமொழி 7: பழைய பியூரெட்

தம்பி, இரண்டு தடைகள் இருக்கின்றன. கடையில் இப்போது கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அமிலத்தை ஊற்றினால் சும்மா இருக்கும். சலவைக்கல் துண்டோ முட்டை ஓடோ எடுத்தால் நுரைக்கும். ஆனால் 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 0.9 லிட்டர் கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஐம்பது மடங்கு. உன் வாயுவில் எவ்வளவு நீருக்குள் போயிற்று என்பதை எந்தத் திருத்தத்தாலும் சொல்ல இயலாது.

ஆகவே கனஅளவை விட்டுவிட்டு நிறையைப் பார். கூம்புக் குடுவையில் அமிலத்தை மிகுதியாக எடுத்து, வாயில் பஞ்சைத் தளர்வாகச் செருகி, குடுவையையும் சலவைக்கல்லையும் சேர்த்து எடைபோட்டுக்கொள். கல்லைப் போட்டு நுரை அடங்கியதும் மீண்டும் எடைபோடு. தூய கால்சியம் கார்பனேட் 5 கிராமுக்கு 2.2 கிராம் குறைய வேண்டும். இரண்டு தசமத் தராசே இதற்குப் போதும். பஞ்சு எதற்கு என்றால், குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் அமிலத் துளிகள் வெளியேறாமலிருக்க. அதை மறந்தால் குறைந்த நிறையில் அமிலமும் சேர்ந்துவிடும்.

மறுமொழி 8: கடற்கரை ஆசிரியை

மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: இரண்டு குழுக்களுக்கும் முழு மதிப்பெண் தரவில்லை. வெற்றுப் பகுதியை மூன்று முறை அளந்த மாணவிக்குத் தந்தேன். அவள் இப்போது ஆய்வகத்தில் எஞ்சியிருக்கும் பழைய பியூரெட்டுகள் ஒவ்வொன்றிலும் அந்தப் பகுதியை அளந்து, ஒட்டுத்தாளில் எழுதி, ஸ்டாப்காக்கின் அருகே ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் சோதனையை மீண்டும் செய்யும்போது உயரமான அளவுசாடியில் பியூரெட்டை இறக்கி, உள்மட்டத்தையும் வெளிமட்டத்தையும் சமப்படுத்திவிட்டு அளக்கலாம் என்றிருக்கிறோம், அப்போது 11.8 மி.மீ.யைக் கழிக்கும் வேலை இராது.